ஓட்டைத் தளத்துக்கு மேல் ஒட்டுத் தகடு வேண்டாம்

கேள்வி: 2012 மாடல் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்திலிருந்து களியக்காவிளை வழியாக நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் பக்கம் மீன் ஏற்றுகிறேன். பின் தொட்டியின் தளம் 8 அடி நீளம், 5½ அடி அகலம். நாலைந்து இடத்தில் விரல் நுழைகிற ஓட்டை. "பழையது கிடக்கட்டும், மேலே 3 மி.மீ. செக்கர் பிளேட் வைத்துப் பற்றவைத்துவிடலாம், ஒரே நாள் வேலை" என்கிறார் பட்டறைக்காரர். செய்யலாமா?

பதில்: வேண்டாம். செக்கர் பிளேட் என்கிற அந்த மேடு போட்ட இரும்புத் தகடு 100 கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும். அவ்வளவு எடையை ஏற்கெனவே இற்றுப்போன சட்டத்தின் மேல் வைப்பதோடு, இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் தங்க ஒரு இடமும் செய்து கொடுக்கிறீர்கள். அங்கே வெயிலும் படாது, காற்றும் போகாது, நீங்கள் பீய்ச்சும் தண்ணீரும் எட்டாது. மேலே புதுத் தளம் பளபளவென்று இருக்க, கீழே சட்டம் முழுதும் போய்விடும்.

தளத்தில் தெரிகிற ஓட்டை நோயின் வால்தான். தலை அடியில் இருக்கிறது. தகடு குறுக்குச் சட்டத்தின் மேல் உட்காரும் அந்த ஒன்றரை அங்குல அகலப் பட்டையில்தான் உப்புநீர் ஊறி நிற்கும். துரு அங்கே தொடங்கிப் பிறகு மேலே வரும். அதனால் முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, பெரிய ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு குறுக்குச் சட்டத்தின் மேல் விளிம்பையும் அழுத்திப் பாருங்கள். சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். இற்றது மொத்தென்று சத்தம் போட்டுச் செதில் உதிர்க்கும். ஒரே ஒரு சட்டம்தான் போயிருக்கிறது என்றால் அதை மட்டும் மாற்றி, ஓட்டை இடங்களை வெட்டி எடுத்துத் துண்டு வைக்கலாம். இரண்டுக்கு மேல் போயிருந்தால் தொட்டியை இறக்கிவிடுவதுதான் மிச்சம். மீன் வண்டியில் பெரும்பாலும் இறக்க வேண்டித்தான் வரும்.

முன் மூலைகளைத் தனியாகப் பாருங்கள். காலி பிக்கப், பின்பக்க பட்டை ஸ்பிரிங் எழும்பி, முன்னோக்கிச் சரிந்து நிற்கும். லோடு இறக்கிவிட்டு நீங்கள் கழுவும் தண்ணீரெல்லாம் கேபினை ஒட்டிய முன் பலகையின் அடிக்குத்தான் ஓடும். லோடோடு போகும்போது பின்னால் ஓடும். பட்டறைகளில் வடிகால் துளையைப் பின்னால் மட்டும் போடுவது வழக்கம். முன் மூலை இற்றுப்போவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

இறக்குவதற்கு முன் பின் விளக்கு ஒயரைக் கழற்றிக் குறித்து வையுங்கள். டீசல் ஊற்றும் குழாய் தொட்டியோடு பிணைந்திருந்தால் அதையும் விடுவிக்க வேண்டும். தொட்டியைச் சேஸோடு (வண்டியின் முதுகெலும்பான நீள இரும்பு) பிணைக்கும் யூ போல்ட்டுகள் கழலாது. எண்ணெய் ஊற்றிப் பொழுதைப் போக்காமல் வெட்டிவிடுங்கள். புதிது வாங்குவது மலிவு. தூக்கச் செயின் பிளாக் நல்லது, இல்லையென்றால் ஆறு ஆள். தொட்டி போன பிறகு சேஸின் மேல் முகத்தைச் சுரண்டிப் பாருங்கள். பழைய கட்டையோ ரப்பரோ இருந்த இடத்தில்தான் அரிப்பு ஆழமாக இருக்கும். மேல்துருதான் என்றால் சுத்தம் செய்து பெயின்ட் அடிக்கலாம். சேஸ் தகடே மெலிந்து குழி விழுந்திருந்தால் தொட்டிக்குச் செலவு செய்வதை நிறுத்துங்கள். முதலில் சேஸைப் பற்றித்தான் முடிவெடுக்க வேண்டும். பிரேக் குழாய்களையும் இப்போதே பார்த்துவிடுங்கள், இவ்வளவு எளிதாகக் கை எட்டும் சந்தர்ப்பம் இனி வராது.

இனி இரும்புக் கணக்கு. குறுக்குச் சட்டம் 3 மி.மீ. தகட்டில் மடித்த 75×40 மி.மீ. சி வடிவச் சேனல், 5½ அடி நீளத்தில் 7 எண்ணம். மொத்தம் 40 கிலோவுக்குச் சற்று மேல். பெட்டிப் பைப் வலுவாகத் தெரியும், ஆனால் உள்ளே இறங்கிய உப்புநீர் கண்ணில் படாமலே அரித்துவிடும். மீன் வண்டிக்கு அது ஆகாது. சேனலின் திறந்த பக்கம் பின்னோக்கி இருக்கட்டும், டயர் அடிக்கும் சேறு சேராது. அடி விளிம்பில் இரு முனையிலும் 12 மி.மீ. துளை வேண்டும்.

தளத்துக்கு 14 கேஜ், அதாவது 2 மி.மீ. வெற்றுத் தகடு. 8×4 அடி ஷீட் இரண்டு, ஒன்று 47 கிலோ. இரண்டையும் வண்டிக்குக் குறுக்காகப் போட்டு 5½ அடியில் வெட்டினால், ஆளுக்கு 4 அடியாக 8 அடி நீளமும் சரியாக மூடிவிடும். ஏழு சட்டத்தையும் சுமார் 40 செ.மீ. இடைவெளியில் வைத்தால் நாலாவது சட்டம் சரியாக நடுவில், 4 அடியில் வரும். இணைப்பு அதன் மேலேயே உட்காரும். மிஞ்சும் இரண்டு துண்டுகள், 4×2½ அடி, முன் பலகையின் அடியை மாற்றப் போதும்.

செக்கர் பிளேட் ஏன் வேண்டாம்? கிரேட்டை (மீன் பெட்டியை) இழுக்கும்போது மேடுகளில் தட்டும், மேடுகளுக்கு நடுவே உப்புநீர் தங்கும். ஹாலோ பிளாக்கோ ஜல்லியோ ஏற்றுகிறவருக்கு 3 மி.மீ. வேண்டும், உங்களுக்கு வேண்டாம். தேங்காய், ரப்பர் ஷீட் மட்டும் ஏற்றுகிற வண்டியாக இருந்தால் அயினிப் பலகையையே சொல்வேன். கேரளப் பக்கம் ஆஞ்ஞிலி என்பார்களே, வள்ளம் கட்டுகிற அதே மரம். ஒரு அங்குலப் பலகையில் இந்தத் தளம் ஏறக்குறைய 60 கிலோதான் வரும், உப்புக்கும் அசையாது. ஆனால் மீன் நீர் மரத்தில் ஊறினால் நாற்றம் போகாது.

அலுமினியத் தகடு, ஸ்டெயின்லெஸ் தகடு என்று யாராவது ஆசை காட்டுவார்கள். இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியம் உப்புநீரில் நனைந்தால் அலுமினியம் அரிக்கும். ஸ்டெயின்லெஸ் விரித்தால் நிலைமை தலைகீழ்: பெரிய ஸ்டெயின்லெஸ் பரப்பு, கீழே இருக்கும் சின்ன இரும்பை வேகமாக அரிக்க வைக்கும். போதாததற்கு 304 தரம் என்று சொல்லி மட்டமான 202 கொடுத்துவிட்டால் அதுவே துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டிலும் பெரிதாக ஒட்டாது. இரும்புத் தளத்தில் ஸ்டெயின்லெஸ் போல்ட் போடுவதில் அவ்வளவு கெடுதல் இல்லை.

வெல்டிங்கை முடிந்தவரை தொட்டி தரையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். வண்டி மேல் வைத்துப் பற்றவைக்க நேர்ந்தால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும், காமன் ரயில் (கம்ப்யூட்டர் சொற்படி டீசல் பீய்ச்சும்) இன்ஜின் என்றால் இசியு எனும் அந்தக் கம்ப்யூட்டரின் கனெக்டரையும் சேர்த்து. வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். எங்கோ கொக்கியில் மாட்டினால் கரன்ட் வீல் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். சேஸில் எதையும் பற்றவைக்கவோ, அதன் விளிம்பில் துளை போடவோ விடாதீர்கள்.

2 மி.மீ. தகட்டுக்கு 2.5 மி.மீ. 6013 வெல்டிங் ராடு, 60 முதல் 80 ஆம்பியர். அடியில் சட்டத்தோடு ஒரு அங்குலம் பற்று, ஆறு அங்குலம் விடு என்ற கணக்கில், நடுவிலிருந்து வெளியே மாறி மாறிப் போக வேண்டும். ஒரே பக்கமாக ஓட்டினால் தகடு அப்பளம் போல் வளையும். மேலே நடு இணைப்பும் சுற்று விளிம்பும் மட்டும் இடைவெளியில்லாத முழு வெல்டிங். தகடு வைக்கும் முன்பே சட்டத்தின் மேல் முகத்தில் வெல்டிங் தாங்கும் ஜிங்க் பிரைமர் அடித்துவிடுங்கள், பிறகு அங்கே பிரஷ் போகாது. அடியில் விடுபட்ட இடைவெளியெல்லாம் பாலியூரிதேன் சீலன்ட் வைத்து மூட வேண்டும். தளத்தில் பட்டி (குழி அடைக்கும் பசை) மட்டும் வேண்டாம். கிரேட் விழுந்தால் பெயர்ந்து, அடியில் நீர் பிடிக்கும்.

வடிகால் நாலு மூலையிலும். துளையோடு நிறுத்தாமல் 4 செ.மீ. நீளக் குழாய்த் துண்டு பற்றவையுங்கள், இல்லையென்றால் தண்ணீர் தகட்டின் அடியைத் தடவியே சேஸுக்குப் போகும். முன் இரண்டுக்கும் மூடி, கழுவும்போது திறக்கலாம். பின் இரண்டையும் ஹோஸ் வழியாக 25 லிட்டர் பிளாஸ்டிக் கேனில் விட்டு, கேனுக்கு ஒரு டேப். மீன் தண்ணீரைச் சாலையில் ஒழுகவிட்டுப் போனால் கேரள எல்லை தாண்டியதும் யாராவது கை காட்டி நிறுத்துவார்கள்.

இனி பெயின்ட். மிஞ்சியிருக்கும் பழைய இரும்பைக் கம்பிக் கப் பிரஷ் போட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவிக் காயவைத்த பிறகே பிரைமர். துருவின் குழிகளுக்குள் உப்பு இருக்கும். அதன் மேல் எந்தக் கம்பெனி பெயின்ட் அடித்தாலும் சில மாதங்களில் கொப்புளம் வரும். ரெட் ஆக்சைடு உப்புக்குத் தாங்காது. இரண்டு டப்பா கலக்கும் எபாக்சி பிரைமர் இரண்டு கோட், பக்கப் பலகை உட்பட 5 லிட்டர் ஆகும். அதன் மேல் பியூ (பாலியூரிதேன்) பெயின்ட் இரண்டு கோட். தார் கோட்டிங் அடிப்பதானால் பிரைமருக்கு மேல்தான். துருவின் மேல் அடித்தால் உள்ளே இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைத்ததாகிவிடும்.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் தடைக்காலம், லோடு குறைவு, அப்போது செய்துகொள்ளலாம் என்று தோன்றும். அதேதான் நமக்குத் தென்மேற்குப் பருவமழைக் காலமும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் எபாக்சி சரியாகப் பிடிக்காது. இரும்பு வேலையை அப்போது கூரைக்குள் முடிக்கலாம். பெயின்ட் மழைவிட்ட வெயில் நாளில். முடிந்தால் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் மொத்த வேலையையும் வைத்துக்கொள்ளுங்கள்.

8 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) வருடா வருடம் என்பதால், வேலை அதற்கு முன் முடியட்டும். அதே அளவு, அதே வடிவத்தில் கட்டினால் சிக்கலில்லை. பக்கப் பலகையை உயர்த்துவதோ மூடிய பெட்டியாக மாற்றுவதோ ஆர்சி (பதிவுச் சான்று) விவரத்தை மாற்றும்; 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அனுமதி வேண்டும். சிவப்பு, மஞ்சள் ஒளிர் பட்டைகளைப் புதிதாக ஒட்ட மறக்க வேண்டாம்.

வண்டியைத் தினமும் கழுவும்போது அடியிலும் ஹோஸ் பிடியுங்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதில் கழுவுவது உப்பை உப்பால் துடைக்கிற வேலை. குழாய்த் தண்ணீர்தான் வேண்டும். சேஸுக்கும் சட்டத்துக்கும் நடுவே வைத்த புது ரப்பர் முதல் சில லோடிலேயே அமுங்கும். அதனால் யூ போல்ட் நட்டுகளை ஒரு வாரம் ஓடியதும் ஒருமுறை, ஒரு மாதத்தில் மறுமுறை முறுக்கிவிடுங்கள்.