காய்ச்சல் என்று எழுதிய லெட்டர்

கேள்வி: என் மகன் இங்கே கேரளத்தில் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஏழு வரை தமிழ் மீடியத்தில் அவன்தான் ஃபர்ஸ்ட். புத்திசாலிப் பிள்ளை என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த வருடம் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றினோம். ஸார் மலையாளத்தில்தான் விளக்குகிறார். ஓணப் பரீட்சையில் கணக்கில் மார்க் ரொம்பக் குறைவு. அதிலிருந்து கணக்குப் புத்தகத்தையே தொடுவதில்லை. "எனக்கு கணக்கு வராதும்மா" என்கிறான். கிறிஸ்துமஸ் பரீட்சையில் கணக்கு அன்று ஒரே அழுகை, காய்ச்சல் என்று லீவ் லெட்டர் எழுதிவிட்டு அவனை வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். தென்னையில் வேர்வாடல் நோய் விழுந்து அவன் அப்பா ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார், அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஆண்டுப் பரீட்சையில் 30 சதவீதம் எடுக்காவிட்டால் லீவில் தனி வகுப்பாம். மானம் போய்விடும். அவனுக்கு மனதைரியம் வர என்ன செய்வது? – வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அந்த லீவ் லெட்டரைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள் அம்மா. எனக்கு அதைத் தாண்டி வாசிக்க முடியவில்லை.

அழுதான், அதனால் எழுதினீர்கள். சரி. அந்த லெட்டரை ஸார் கையில் கொடுத்தது யார்? உங்கள் மகன்தானே? பதின்மூன்று வயதுப் பையன், அம்மா எழுதிய பொய்யை இரண்டு கையாலும் நீட்டியிருக்கிறான். அன்று அவன் ஒரு பாடம் படித்துக்கொண்டான்: தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் போகாமல் இருந்துவிடலாம், அம்மா பார்த்துக்கொள்வாள். இதைக் கற்றுக்கொடுத்த கையால்தான் மனதைரியத்துக்கு வழி கேட்டு எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

கடுமையாகப் பேசுகிறேன் என்று தெரியும். இதே லெட்டரை எத்தனையோ அம்மாக்கள் எழுதியதை நான் பார்த்துவிட்டேன். பிள்ளைக்கும் அவமானத்துக்கும் நடுவில் போய் நிற்பது தாயின் கடமை இல்லை. அவமானப்பட்டு வரும் பிள்ளைக்குச் சோறு போட்டு, மறுநாள் அதே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைப்பதுதான் கடமை.

அப்புறம் அந்தப் 'புத்திசாலிப் பிள்ளை'. 1998இல் அமெரிக்காவில் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்துப் பார்த்தார்கள். சிலரிடம் "நீ கெட்டிக்காரப் பிள்ளை" என்றார்கள், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றார்கள். அடுத்துக் கொடுத்த கடினமான புதிர்களில் எல்லோரும் திணறினார்கள். பிறகு, முகம் தெரியாத வேறொரு பள்ளிப் பிள்ளைக்குத் தங்கள் மார்க்கை எழுதச் சொன்னபோது, கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவர்களில் பத்தில் ஏறக்குறைய நாலு பேர் மார்க்கைக் கூட்டி எழுதினார்கள். உழைப்புக்குப் பாராட்டு வாங்கியவர்களில் அப்படிச் செய்தவர்கள் குறைவு. பட்டம் கொடுத்தால் பிள்ளை அதைக் காப்பாற்றப் பார்க்கும். உங்கள் மகனும் அதைத்தான் காப்பாற்றப் பார்க்கிறான், நீங்களும் கூட நின்றிருக்கிறீர்கள்.

அவனுக்குக் கணக்கு வராது என்பதை நான் நம்பவில்லை. ஏழு வருடம் வந்த கணக்கு ஒரே வருடத்தில் எங்கே போகும்? பாஷையைப் பாருங்கள். தமிழில் சதுரம் என்றால் நாலு பக்கமும் சமம். மலையாளத்தில் 'சதுரம்' என்றால் நம் செவ்வகம், நம் சதுரத்துக்கு அங்கே 'சமசதுரம்'. ஸார் சதுரம் என்று சொல்லும்போது இவன் நாலு பக்கமும் சமமாக வரைந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் விடை எப்படி வரும்? புத்தகத்தில் இங்கிலீஷ், ஸார் வாயில் மலையாளம், இவன் மனதில் தமிழ். ஒரு நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டு, ஒவ்வொரு சொல்லையும் மூன்று பாஷையிலும் எழுதச் சொல்லுங்கள். தப்பான கணக்கை ரப்பரால் அழிக்க விடாதீர்கள். எந்த வரியில் வழி தவறியது என்று பக்கத்திலேயே எழுதட்டும். "எனக்கு வராது" என்றால் "இன்னும் வரலைன்னு சொல்லு" என்று திருத்துங்கள். அப்படிச் சொன்ன கையோடு ஒரு கணக்கைப் போட வையுங்கள், வெறும் பேச்சாக விட்டுவிட வேண்டாம்.

லீவில் தனி வகுப்பு என்றால் மானம் போய்விடும் என்கிறீர்கள். வராததைத் திரும்பச் சொல்லிக்கொடுத்து மறுபடி பரீட்சை எழுத விடுகிறார்கள். பள்ளிக்கூடமே இன்னொரு வாய்ப்புத் தருகிறது, நீங்கள் ஏன் அதைத் தண்டனை என்று பிள்ளை காதில் போடுகிறீர்கள்?

கடைசியாக, உங்கள் வீட்டுக்காரர். வேர்வாடலுக்கு இன்றுவரை முழுத் தீர்வு இல்லை. நோய் முற்றிய மரத்தை வெட்டத்தான் வேண்டும், அப்புறம் தாங்கும் ரகமாகப் பார்த்து வைக்க வேண்டும். தான் வளர்த்த மரத்தைத் தானே வெட்டும் மனிதரிடம் போய் மகனின் மார்க்கை மறைக்கிறீர்கள். தோல்வி என்றால் என்ன என்று அவனிடம் பேச, அந்த வீட்டில் அவரைவிடத் தகுந்த ஆள் யார்? இன்று இரவே சொல்லுங்கள். லெட்டரையும் சேர்த்துச் சொல்லுங்கள். கோபப்பட்டால் படட்டும். ஞாயிற்றுக்கிழமை பையனைத் தோப்புக்கு அழைத்துப் போய், எந்த மரம் போனது, எந்தக் குழியில் கன்று வைக்கப்போகிறோம் என்று அவர் காட்டட்டும். குழியை அவனும் சேர்ந்து வெட்டட்டும்.

திங்கட்கிழமை மூன்று பேருமாகப் பள்ளிக்கூடம் போங்கள். "அன்னைக்குக் காய்ச்சல் இல்லை ஸார், பயந்துட்டேன்" என்று அவன் வாயாலேயே சொல்லட்டும். லெட்டர் எழுதியது நான்தான் என்று அவனுக்கு முன்னால் நீங்கள் சொல்லுங்கள். எழுதாமல் விட்ட அந்தக் கேள்வித்தாளைக் கேட்டு வாங்கி வாருங்கள். மார்ச்சுக்கு இன்னும் நாள் இருக்கிறது.