கதவைத் திறக்கலாமா? திகில் கதை எழுதுவோருக்கான கேள்வி பதில்

கேள்வி: திகில் கதையை எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: பேயை விட்டுவிடுங்கள், ஆளைப் பிடியுங்கள். அவருக்கு எதை இழக்கப் பயம் என்று தெரிந்துவிட்டால் கதை நகர ஆரம்பித்துவிடும். அப்புறம், 'பயங்கரமான', 'கொடூரமான' என்ற சொற்களை அடித்துவிடுங்கள். 'இருட்டில் பயங்கரமான உருவம் நின்றது' என்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. தனியாக வாழும் ஒரு பெண் வெளியே போய்விட்டுத் திரும்புகிறாள். காலையில் தட்டிப் போட்ட தலையணையில் குழி விழுந்திருக்கிறது. தொட்டுப் பார்க்கிறாள், சூடாக இருக்கிறது. இது போதும்.

கேள்வி: உங்களுக்குப் பேய் நம்பிக்கை உண்டா?

பதில்: இல்லை. எழுதும்போது என் பாத்திரம் நம்பினால் போதும்.

கேள்வி: என் தொகுப்பை வெளியிட ஒரு பதிப்பகம் பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கூடாது. பதிப்பகம்தான் எழுத்தாளருக்குப் பணம் தர வேண்டும். சொந்தமாக அச்சடிப்பது வேறு. அதில் உரிமை முழுக்க உங்களுடையது. ஒப்பந்தத்தை வரிவரியாகப் படியுங்கள். 'எல்லா ஊடகங்களுக்கும், எக்காலத்துக்கும்' என்ற வரியைக் கவனிக்காமல் நான் ஒருமுறை கையெழுத்துப் போட்டேன். பிறகு ஒலிப்புத்தகம் ஆக்க ஒருவர் வந்து கேட்டபோது, என் கதையைக் கொடுக்க எனக்கே உரிமை இல்லை. இன்றும் வலிக்கிறது.

கேள்வி: பழைய கதையின் பாத்திரத்தைப் பெயர் மாற்றிப் பயன்படுத்தலாமா?

பதில்: பதிப்புரிமைக் காலம் முடிந்திருந்தால் பெயரையே மாற்ற வேண்டாம். பல நாடுகளில் அது எழுதியவர் இறந்து 50 அல்லது 70 ஆண்டுகள் வரை. அந்தக் காலம் இன்னும் முடியாமல் இருந்தால் பெயர் மாற்றம் காப்பாற்றாது. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலை அனுமதி இல்லாமல், பெயர்களை மட்டும் மாற்றி 1922இல் 'நாஸ்ஃபெராட்டு' என்று படமாக்கினார்கள். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை அழிக்கச் சொன்னது நீதிமன்றம். தப்பிய சில பிரதிகளால்தான் அந்தப் படம் இன்று இருக்கிறது.

கேள்வி: பேயைக் கடைசிவரை காட்டாமல் விடுவது வாசகரை ஏமாற்றுவது இல்லையா?

பதில்: இல்லை. ஆங்கிலத் திகில் நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப், தான் மறைந்தபின் 1826இல் வெளியான கட்டுரை ஒன்றில் இரண்டு பயங்களைப் பிரிக்கிறார்: வரப்போவதை எண்ணி நடுங்குவது மனத்தை விரித்து விழிக்க வைக்கிறது, கண்ணெதிரே கோரம் வந்து நிற்பது மனத்தை உறைய வைக்கிறது. டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸின் 'குரங்கின் பாதம்' (1902) கதையில் அந்தப் பாதம் மூன்று வரம் தரும். தாய் வற்புறுத்த, செத்துப்போன மகனைத் தந்தை திரும்பக் கேட்கிறார். கதவு தட்டப்படுகிறது. அவள் தாழ்ப்பாளை நீக்குவதற்குள் தந்தை கடைசி வரத்தைக் கேட்டுவிடுகிறார். வெளியே வெறும் சாலை. மகன் இயந்திரத்தில் சிக்கிச் சிதைந்து செத்தவன், உடையை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள் என்பது முன்பே தெரியும். தட்டுவது எந்த நிலையில் நிற்கிறது என்பதை வாசகரே வரைந்துகொள்கிறார்.

கேள்வி: மேரி ஷெல்லி 1818லேயே 'ஃபிராங்கென்ஸ்டைன்' நாவலில், ஒருவன் படைத்த கோர உருவத்தைக் காட்டிப் பேசவும் வைத்தாரே?

பதில்: சரிதான், என் விதிக்கு அது அடங்காது. ஆனால் அந்த உருவம் பேசப் பேச நாம் அதன் பக்கம் சாய்கிறோம். பயம் உருவத்திலிருந்து அதைப் படைத்தவன்மேல் தாவுகிறது. காட்டினால் இப்படி ஏதாவது மாற வேண்டும்.

கேள்வி: ஒரு தொகுப்பில் என் கதையைச் சேர்க்கக் கட்டணம் கேட்கிறார்கள்...

பதில்: மேலே சொல்லிவிட்டேன். கொடுக்காதீர்கள்.

கேள்வி: திகில் படத்துக்குத் திரைக்கதை எழுதுவது?

பதில்: என் துறை இல்லை. திரைக்கதை எழுதுபவரிடம் கேளுங்கள்.

கேள்வி: நிஜமாகவே பேய் பார்த்ததுண்டா?

பதில்: இதோடு இந்தக் கேள்வியை விட்டுவிடுவோம். எழுத்தைப் பற்றிக் கேளுங்கள்.

கேள்வி: அப்படியானால் என் கதையின் முடிவில் கதவைத் திறக்கட்டுமா?

பதில்: பின்னால் நிற்பது யார் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் முதலில் திறந்து முழுதாக எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து அந்தப் பத்தியை எடுத்துவிட்டுப் படியுங்கள். இரண்டையும் அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.