200 நாசில் யாருக்குங்க?

கோவை ஆவாரம்பாளையத்தில் பம்ப் உதிரிபாகப் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஒரு ஏஜென்ட் ராக்கெட் எஞ்சின் நாசில் (எரிந்த வாயு பீறிட்டு வெளியேறும் குழாய்) டிராயிங்கைக் காட்டி, இஸ்ரோ ஆர்டர், 200 எண்ணம், பதிவுக் கட்டணமாக இரண்டரை லட்சம் முன்னாடியே கட்ட வேண்டும் என்கிறாராம். டிராயிங்கில் நாசில் குறுகிப்போய் மறுபடியும் மணி மாதிரி விரிகிறது. "பம்பில் வழி விரிந்தால் வேகம் குறையும், இங்கே எதற்கு விரிகிறது? டிராயிங்கே தப்பா? எங்களிடம் இருக்கிற இரண்டு வி.எம்.சி. மெஷினில் (கம்ப்யூட்டர் சொல்கிறபடி உலோகத்தைக் குடைகிற மெஷின்) இதைச் செய்ய முடியுமா? பணம் கட்டலாமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கட்டாதீர்கள். அந்த ஆளிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

டிராயிங் வடிவம் சரிதான். நீங்கள் சொல்வது தண்ணீர்க் கணக்கு. எவ்வளவு அழுத்தினாலும் தண்ணீர் கன அளவில் பெரிதாக மாறாது, அதனால் வழி விரிந்தால் அது மெதுவாகத்தான் போக வேண்டும். வாயு அப்படி இல்லை. எரிந்த வாயு குறுகலான இடத்தில், அதாவது 'த்ரோட்' என்கிற கழுத்தில், ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். ஹைட்ரஜன் எஞ்சினில், அந்தச் சூட்டில் அது நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோமீட்டர். அதைத் தாண்டியபின் வழி விரிகிற வேகத்தைவிட வாயு உப்புகிற வேகம் அதிகம், எனவே உப்பின வாயு வெளியே போக இன்னும் வேகமாக ஓடித்தான் ஆக வேண்டும். மணி வாயில் வரும்போது, ஹைட்ரஜன் எஞ்சினாக இருந்தால், நொடிக்கு 4 கிலோமீட்டருக்கு மேல். தென்னந்தோப்பில் மூணு இன்ச் ஹோஸைக் கையில் பிடித்தவருக்கு அது பின்னால் தள்ளுவது தெரியும். ராக்கெட்டைத் தூக்குவதும் அதே தள்ளுதான், வேகம்தான் வேறே. இந்த வடிவத்தைக் கண்டுபிடித்தவர் ராக்கெட்காரரே இல்லை, லாவல் என்ற சுவீடன்காரர், நீராவி டர்பைனுக்காகச் செய்தார்.

சரி, உங்கள் மெஷினில் செய்ய முடியுமா? வெளி வடிவத்தை வேண்டுமானால் செய்துவிடுவீர்கள், கோவைக்காரர்களிடம் அந்தக் கை இருக்கிறது. சிக்கல் சுவரில். உள்ளே 3,000 டிகிரி செல்சியஸ் சூடு, தாமிரமோ 1,085 டிகிரியில் உருகிவிடும். ஆனாலும் கிரையோஜெனிக் எஞ்சினின், அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் எரியும் எஞ்சினின், உட்சுவர் தாமிரக் கலவைதான், சூட்டைச் சட்டென்று கடத்துவதால். அந்தச் சுவரின் முதுகில் நீளவாக்கில் நெருக்க நெருக்கமாகக் காடி வெட்டி, மேலே எஃகு உறையைப் போட்டு, வெற்றிட உலையில் பிரேஸிங் செய்து, அதாவது இடையில் வேறு உலோகத்தை உருக்கி, ஒட்டுவார்கள். மைனஸ் 253 டிகிரியில் இருக்கும் திரவ ஹைட்ரஜன் எரியப் போவதற்கு முன்னால் அந்தக் காடிகளில் ஓடிச் சுவரைக் குளிர்வித்துவிட்டுத்தான் போகும். ஒரு காடியில் ஒரு சுருள் சீவல் அடைத்திருந்தால் போதும், அந்த இடத்தில் சுவர் ஓட்டையாகிவிடும். இதற்கு உலை, எக்ஸ்ரே, லீக் சோதனை, சுத்த அறை எல்லாம் வேண்டும். இரண்டு வி.எம்.சி. போதாது.

உங்களுக்கு உண்மையிலேயே பொருத்தமான பக்கம் டர்போபம்ப், அதாவது டர்பைனால் சுழன்று எரிபொருளை எஞ்சினுக்குள் தள்ளும் பம்ப், அதை ஏஜென்ட்கள் பேசுவதே இல்லை! நம் சி.இ.20 என்ற கிரையோஜெனிக் எஞ்சினில் எரி அறையின் அழுத்தம் 60 பார், நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ அறுபது மடங்கு. டேங்கை 60 பார் தாங்குகிற மாதிரி செய்தால் அது கொதிகலன் ஆகிவிடும், மேலே போகாது. அதனால் டேங்க் லேசாக இருக்கும், பம்ப்தான் அழுத்தம் ஏற்றும், நொடிக்கு 45 கிலோவுக்கு மேல் எரிபொருளும் ஆக்சிஜனும் தள்ள வேண்டும். நம் ஊர் மோட்டார் 2,900 சுற்றில் ஓடுகிறது, ஹைட்ரஜன் பம்ப் 30,000க்கு மேல். போர்வெல்லில் தண்ணீர் இறங்கினால் பம்ப் கடகடவென்று கத்தி இம்பெல்லரை (உள்ளே சுழலும் சக்கரம்) குமிழி தின்னுமே, அதே வியாதி இங்கேயும் உண்டு, அதற்காகவே முன்னால் திருகாணி மாதிரி ஒரு இன்டியூசர் வைப்பார்கள். 2010 ஏப்ரலில் ஜி.எஸ்.எல்.வி. டி3 கடலில் விழுந்ததற்குக் காரணம், எரிபொருள் பூஸ்டர் பம்ப் சுழலத் தொடங்கிச் சற்றைக்கெல்லாம் நின்றுபோனது. நம் சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு முதல்முறை ஜெயிக்க 2014 ஜனவரி ஆயிற்று. மேலே போனபின் கேசிங்கைக் கழற்றிப் பார்க்க யாரும் போக முடியாது. அதனால்தான் ஒவ்வொரு துண்டு உலோகத்துக்கும் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்தது என்ற எண்), மில் சான்றிதழ் என்று உயிரை எடுக்கிறார்கள். கொஞ்சம் அதிகமாகவே எடுக்கிறார்கள், அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அந்த 200. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில் விகாஸ் என்ற திரவ எரிபொருள் எஞ்சின் ஒன்று. எல்.வி.எம்.3இல் இரண்டு. ஜி.எஸ்.எல்.வி.யில் ஐந்து. இந்தியா ஒரு வருடத்தில் ஏவும் ராக்கெட்டுகளை விரல் விட்டு எண்ணலாம். பத்து ராக்கெட் என்று வைத்து, பத்தும் ஜி.எஸ்.எல்.வி. என்றாலும்கூட ஐம்பது விகாஸ். 200 நாசில் யாருக்கு, தேர்த் திருவிழாவில் வாணம் விடவா? டிராயிங்கில் உலோகத் தர எண் இருக்கிறதா, திருத்த எண் இருக்கிறதா, யார் சோதித்தார் என்ற கட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். நான் பார்த்த மோசடி டிராயிங்குகளில் அளவு எல்லாம் மூன்று தசமம்வரை இருக்கும், மெட்டீரியல் கட்டம் மட்டும் காலி.

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, இலவசம். அதற்கே ஐயாயிரம் வாங்குகிற புரோக்கர்கள் நம் ஊரில் தெருவுக்கு ஒருவர். இஸ்ரோ டெண்டர்கள் அவர்களுடைய சொந்தக் கொள்முதல் தளத்தில் வரும், டிஜிட்டல் கையொப்பம் வாங்க ஆயிரக்கணக்கில் செலவாகும், லட்சத்தில் இல்லை. சிறு உற்பத்தியாளருக்கு டெண்டர் முன்வைப்புத் தொகையும் கிடையாது.

முன்னாடியே எதுவும் கேட்க மாட்டார்கள் என்பதற்கு ஒரு விலக்கு உண்டு, இதில்தான் ஏஜென்ட்கள் குழப்புவார்கள். சில வேலைகளில் விலையுயர்ந்த உலோகத்தை இஸ்ரோவே இலவசமாகக் கொடுத்து இயந்திர வேலையை மட்டும் செய்யச் சொல்வார்கள். அந்த உலோகத்தின் மதிப்புக்கு உங்கள் வங்கி உத்தரவாதம் கேட்பார்கள். கவனியுங்கள், இது பணம் கட்டுவது இல்லை. உங்கள் வங்கி, விண்வெளித் துறையின் பெயருக்கு எழுதித் தரும் தாள். அதுவும் டெண்டரில் எழுதியிருக்கும், ஆர்டர் உங்கள் கைக்கு வந்தபின், உலோகம் வருவதற்கு முன் கொடுப்பது. வேலை முடிந்து மிச்ச உலோகத்துக்கும் சீவலுக்கும் கணக்குக் கொடுத்தால் அந்தத் தாள் திரும்பி வந்துவிடும். வங்கி உங்களிடம் மார்ஜின் பணம் பிடிக்கும், அது வங்கிக்கும் உங்களுக்கும் உள்ள கணக்கு. இதில் ஏஜென்ட்டின் கணக்கு எண்ணுக்கு எந்தக் கட்டத்திலும் வேலை இல்லை. ஆர்டர் வருவதற்கு முன் யார் "உத்தரவாதம்" என்று கேட்டாலும் அது வேறு சமாச்சாரம்.

நேர்வழியில் போனால் சுகம் என்றும் நினைக்க வேண்டாம். நான் ஓய்வு பெற்றபின் ஒரு பட்டறைக்கு ஆலோசனை சொல்லி ஒரு சின்ன பிராக்கெட் வேலை முடித்துக் கொடுத்தோம். ஆய்வாளர் வர இரண்டு மாதம், ஒரு கையெழுத்துக்கு மூன்று மாதம், பணம் பதினோராவது மாதம் வந்தது. சிறு நிறுவனத்துக்கு 45 நாளில் கொடுக்க வேண்டும் என்று 2006லேயே சட்டம் போட்டாயிற்று. பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருந்தோம். புரோக்கர் பிழைப்பதே இந்தத் தாமதத்தில்தான்.

உங்களுக்கு ஆசை இருந்தால் இம்பெல்லர், இன்டியூசர் மாதிரிப் பாகங்களுக்கு, ஏற்கெனவே ஆர்டர் வைத்திருக்கும் பெரிய கம்பெனியிடம் ஜாப் ஒர்க் கேளுங்கள், ஆறு மாதம் பணம் வராவிட்டாலும் தாங்குமா என்று பார்த்துவிட்டு. அந்த டிராயிங்கை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போனில் படம் எடுத்து வைத்திருந்தால் அதையும் அழித்துவிடுங்கள், தப்பித்தவறி அது எங்கிருந்தோ கசிந்த நிஜ டிராயிங்காக இருந்தால் விசாரணைக்கு வருகிறவர்கள் ஏஜென்ட் வீட்டுக்குப் போக மாட்டார்கள், உங்கள் பட்டறைக்குத்தான் வருவார்கள்.