வாரம் ஒன்று போட வேண்டிய வைட்டமின் டி மாத்திரையை தினமும் போட்டுவிட்டார் அம்மா

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 62. உடல் வலிக்காக எடுத்த 'முழு உடல் பரிசோதனை'யில் வைட்டமின் டி 14 என்று வந்தது. மருந்துக் கடையில் 60,000 யூனிட் மாத்திரை கொடுத்தார்கள். வாரம் ஒன்று என்று தெரியாமல் 40 நாளாக தினமும் போட்டிருக்கிறார். இப்போது மலச்சிக்கல், பசியின்மை, ஓயாத தாகம். பிபி மாத்திரையும் சாப்பிடுகிறார். வைட்டமின் அதிகமானால் சிறுநீரில் போய்விடாதா?

பதில்: போகாது. அப்படிப் போவது பி, சி வகைகள். டி கொழுப்பில் தங்குவது. நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் உடம்பில் இருக்கும். அம்மா சாப்பிட்டது 24 லட்சம் யூனிட். வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் போட்டிருந்தால் 4 லட்சத்து 80 ஆயிரம்தான் ஆகியிருக்கும்.

டி அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். நீங்கள் சொல்லும் மூன்று தொல்லைகளும் அதனால் வரக்கூடியவைதான். கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் கெடும். அதனால் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். கால்சியம், சத்து மாத்திரைகளும் வேண்டாம். நாளை காலையே மருத்துவரிடம் போய் ரத்தத்தில் கால்சியம், கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), வைட்டமின் டி மூன்றையும் பாருங்கள். வாந்தியோ, பேச்சில் குழப்பமோ, அதிக மயக்கமோ இருந்தால் காலை வரை காத்திருக்காதீர்கள், இரவே மருத்துவமனைக்குப் போங்கள். சலைன் ஏற்றினால் பெரும்பாலும் கால்சியம் இறங்கத் தொடங்கும்.

பிபி மாத்திரையைப் பற்றித்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்று இருக்கிறதா? பெயருக்குப் பின்னால் 'ஹெச்' என்று ஒட்டிக்கொண்டிருக்கும் பல கூட்டு மாத்திரைகளில் இது உண்டு. சிறுநீரில் வெளியேற வேண்டிய கால்சியத்தை இந்த மருந்து உள்ளேயே தடுத்து நிறுத்திவிடும். டி அதிகமாகிக் கிடக்கும் உடம்பில் இது இன்னும் ஆபத்து. ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், பிபி எகிறிவிடும். அட்டையை அப்படியே மருத்துவரிடம் காட்டுங்கள், மாற்றித் தருவார்.

இதில் அம்மாவின் தவறு எதுவும் இல்லை. யாரும் கேட்காமலே பேக்கேஜில் டி பரிசோதனையைச் சேர்த்து, சிவப்பு எழுத்தில் 'குறைவு' என்று அச்சிட்டு அனுப்புகிறார்கள். நலமாக இருப்பவர்களுக்கு வழக்கமாக இதைப் பார்க்க வேண்டாம் என்று 2024-இல் அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமே சொன்னது. அப்புறம் மருந்துக் கடை. சீட்டே இல்லாமல் 60,000 யூனிட்டை மிட்டாய் மாதிரி எடுத்துக் கொடுக்கிறார்கள். 'வாரம் ஒன்று' என்று அட்டையில் பேனாவால் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? எழுதுவதில்லை. இந்த மாத்திரையை தினமும் போட்டுவிட்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

வெயிலில் நின்றால் டி அளவு மீறாது, அம்மா வழக்கம்போல் நடக்கட்டும். தண்ணீர் நன்றாகக் குடிக்கட்டும். முதல் முடிவு சரியாக வந்தாலும் இரண்டு வாரம் கழித்து கால்சியத்தை மறுபடி பாருங்கள், அது திரும்பவும் ஏறலாம்.