குடும்பத்தோடு காரில் சென்னைக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கோடை விடுமுறை நெருங்குவதால், செட்டிநாட்டு ஊர்களிலிருந்து இம்மாதம் வந்த கடிதங்களில் பல, சென்னைக்குக் குடும்பத்தோடு காரில் செல்வதைப் பற்றியே கேட்கின்றன. அவற்றுள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர். என் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது, முழங்கால் வலி உண்டு. பிள்ளைகள் இருவரும் அப்பத்தாவை விட்டுவிட்டு வர மாட்டோம் என்கிறார்கள். ஒரே நாளில் சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட முடியும் என்று என் கணவர் சொல்கிறார். அது சரியாக வருமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: போய்ச் சேர முடியும் என்பதில் உங்கள் கணவர் சொல்வது சரிதான். திருமயம், புதுக்கோட்டை, கீரனூர் வழியாகத் திருச்சியை அடைந்து, பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம், செங்கல்பட்டு என்று நான்குவழிச் சாலையில் போனால் ஏறத்தாழ 420 கிலோமீட்டர். நின்று நிதானித்துப் போனாலும் எட்டு மணி நேரத்தில் தாம்பரத்தை எட்டிவிடலாம். ஆனால் அந்த எட்டு மணி நேரத்தை உங்கள் மாமியாரின் முழங்காலை வைத்துத்தான் கணக்கிட வேண்டும், வண்டியின் வேகத்தை வைத்து அல்ல. குடும்பப் பயணத்தின் வேகத்தை வீட்டில் மூத்தவரும் இளையவருமே முடிவுசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே அன்றைக்கே நகருக்குள் நுழைய வேண்டாம் என்று சொல்வேன். செங்கல்பட்டிலிருந்து வலப்புறம் பிரிந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் சென்றால், முப்பது கிலோமீட்டர் அளவில் மாமல்லபுரம் வந்துவிடும். கூடுவாஞ்சேரியிலிருந்து பெருங்களத்தூர் வரை வண்டிகள் ஊர்ந்து செல்லும் பகுதியை, எட்டு மணி நேரம் உட்கார்ந்து களைத்த உடம்போடு கடக்க வேண்டிய தேவை இராது. இரவு அங்கே தங்கிவிட்டு, மறுநாள் காலை வெயில் ஏறுவதற்கு முன் கடற்கரைக் கோயிலையும் அருச்சுனன் தபசுப் பாறையையும் பார்த்துவிட்டு, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே நகருக்குள் போகலாம். 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடத்தைப் போகிற போக்கில் பார்ப்பதைவிட, ஓர் இரவு தங்கிப் பார்ப்பதே அதற்குரிய மரியாதை.

காலை ஐந்து மணிக்கெல்லாம் புறப்பட்டுவிடுங்கள். ஆனால் நள்ளிரவில் வேண்டாம். இரவு இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடைப்பட்ட நேரத்தில் ஓட்டுநர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும் உடம்பு உறக்கத்தைக் கேட்கும். முதல்நாள் இரவு அவர் நன்றாக உறங்கியிருக்க வேண்டும். மூட்டை கட்டுவதிலும் வண்டியில் ஏற்றுவதிலும் அவரைப் பதினொரு மணி வரை விழிக்க வைக்காதீர்கள்.

மாமியாரைப் பின் இருக்கையில் இடப்பக்கச் சன்னலோரமாக உட்கார வையுங்கள். திருச்சியைத் தாண்டியதும் சாலை வடகிழக்காகப் போவதால் காலை வெயில் வலப்பக்கத்தில்தான் அடிக்கும். இடப்பக்கம் நிழலாக இருக்கும். வண்டியை ஓரங்கட்டும்போதும், போகும் வரும் வண்டிகளின் பக்கம் இறங்காமல் சாலையோரமாகவே அவர் இறங்கிக்கொள்ளலாம். காலுக்கு அடியில் சிறு பலகையோ மடித்த போர்வையோ வைத்து, முழங்கால் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரை இறக்கி, கைபிடித்துப் பத்து நிமிடம் நடக்க வையுங்கள். வெகுநேரம் அசையாமல் இருந்தால் காலில் இரத்த ஓட்டம் மந்தப்பட்டு வீக்கம் வரும், சிலருக்கு இரத்தம் உறையவும் கூடும். அடிக்கடி இறங்க வேண்டியிருக்குமே என்று முதியவர்கள் தண்ணீர் குடிக்காமலேயே வருவார்கள். கோடையில் இது ஆபத்து. கழிப்பறை எங்கே இருக்கிறது, எப்போது நிறுத்துவோம் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டால் தயங்காமல் குடிப்பார்.

கேள்வி: திருச்சி வழியில் பலமுறை போய்விட்டோம். கடற்கரை வழியாகவே போனால் என்ன?
– வாசகர், புதுவயல்

பதில்: போகலாம். ஆனால் அதற்கு இரண்டு நாள் ஒதுக்க வேண்டும். அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, திருவாரூர், மயிலாடுதுறை, சீர்காழி, சிதம்பரம், கடலூர், புதுச்சேரி என்று ஊர்களுக்கு நடுவே செல்லும் வழி அது; தூரத்தைப் பார்த்து நேரத்தைக் கணக்கிட்டால் ஏமாற்றமே மிஞ்சும். போகும்போது திருச்சி வழி, திரும்பும்போது கடற்கரை வழி என்று வைத்துக்கொள்வது நல்லது. திரும்பும் பயணத்தில் எங்கேயும் குறித்த நேரத்தில் போய் நிற்க வேண்டிய நெருக்கடி இருக்காது.

நம் பகுதிக் குடும்பங்களுக்கு இந்த வழியில் தனிப்பட்ட பொருள் ஒன்று உண்டு. நகரத்தார் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்குக் குடிபெயர்ந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. அந்தப் பூம்புகார், சீர்காழியிலிருந்து கடலை நோக்கிப் பிரியும் சாலையில் சற்றுத் தொலைவில்தான் இருக்கிறது. சிதம்பரத்தில் தில்லைக் கோயிலோடு, கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் நிறுவிய பல்கலைக்கழகத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் தம் செல்வத்தை இன்னோர் ஊரில் கல்வியாக மாற்றி வைத்திருப்பதை வகுப்பறையில் கேட்பதைவிட, அந்த வளாகத்தில் நடந்து பார்க்கும்போது பிள்ளைகள் நன்றாக உணர்வார்கள். சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே மரக்காணத்து உப்பளங்களைக் கடக்கும்போது வண்டியைக் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். வெள்ளைக் குவியல்களும் பாத்திகளும் சாலையிலிருந்தே தெரியும்.

கேள்வி: வழியில் உணவகங்களில் சாப்பிட என் மனைவிக்கு விருப்பமில்லை. மே மாத வெயிலில் கட்டுச்சோறு கெடாமல் இருக்குமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: முறையாகக் கட்டினால் மதியம் வரை இருக்கும். கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈரமும், சூட்டோடு மூடுவதும்தான். இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி கொண்டுபோகவே கூடாது. வெயிலில் முதலில் கெடுவது அதுதான். இட்லியை எடுத்ததும், நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை இருபுறமும் தடவி, தட்டில் பரப்பி முழுதும் ஆற விடுங்கள். வாழையிலையைத் தணலில் லேசாக வாட்டினால் அது துவண்டு, மடிக்கும்போது கிழியாது. ஆறிய இட்லிகளை அந்த இலையில் வைத்துக் கட்டுங்கள். ஆறுவதற்கு முன் கட்டினால் உள்ளே வேர்த்து நீர் கோத்து, காலை ஒன்பது மணிக்கே பிசுபிசுத்துவிடும்.

மதியத்துக்குப் புளிச்சோறு. புளியின் புளிப்பு கெடுக்கும் நுண்ணுயிர்களைத் தடுத்து வைக்கும் என்பதால்தான் நம் முன்னோர் பயணத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள். சோற்றை உதிரியாக வடித்து, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்த பிறகே புளிக்காய்ச்சலைக் கலக்க வேண்டும். தயிர்ச்சோறு வேண்டுமென்றால் சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை நிறைய ஊற்றி, தயிரை உறை அளவுக்கு மட்டும் சேருங்கள். மதியத்துக்குள் பதமாக உறைந்திருக்கும். எதையும் வண்டியின் பின்பெட்டியில் வெயில் படும்படி வைக்காதீர்கள். தேன்குழலும் சீடையும் மாவுருண்டையும் எப்படியும் எடுத்துப் போவீர்கள். அவற்றைப் பற்றிச் செட்டிநாட்டு வீடுகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: என் ஏழு வயது மகளுக்குக் காரில் ஏறினாலே வாந்தி வருகிறது. முன் இருக்கையில் உட்கார வைக்கலாமா?
– வாசகி, பள்ளத்தூர்

பதில்: வேண்டாம். சிறு பிள்ளைகளுக்குப் பின் இருக்கையே பாதுகாப்பு. அங்கும் வார்ப்பட்டை (சீட் பெல்ட்) அணிவிக்க வேண்டும். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை வார்ப்பட்டையோ குழந்தை இருக்கையோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. அபராதத்தை விடப் பெரிய காரணம், திடீரென்று பிரேக் போட்டால் மடியில் இருக்கும் பிள்ளையைத் தாயின் கைகளால் பிடித்து நிறுத்த முடியாது என்பதுதான்.

உட்செவி உடம்பு நகர்கிறது என்று சொல்ல, புத்தகத்தையோ கைப்பேசியையோ பார்க்கும் கண் நகரவில்லை என்று சொல்ல, இந்த முரண்பாட்டால்தான் குமட்டல் வருகிறது. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் இது மிகுதி. ஆகவே கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு, பின் இருக்கையில் முன்கண்ணாடி வழியே சாலையின் தொலைவு தெரியும்படி உட்கார வையுங்கள். வெறும் வயிறும் கூடாது, வயிறு நிறையவும் கூடாது; இரண்டு இட்லி போதும். மாத்திரை கொடுப்பதானால் எடைக்கேற்ற அளவை மருத்துவரிடம் கேட்டு, புறப்படுவதற்கு முன்பே கொடுக்க வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு கொடுப்பதில் பயன் குறைவு.

கேள்வி: சுங்கச்சாவடிகளுக்கு ஆண்டு அட்டை வாங்குவது லாபமா?
– வாசகர், கண்டனூர்

பதில்: திருச்சிக்கும் சென்னைக்கும் இடையே சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் ஆகிய சாவடிகள் உள்ளன. சொந்தக் கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஆண்டு அட்டை, ஓராண்டு அல்லது 200 முறை கடப்பது, இவற்றுள் எது முன்னே வருகிறதோ அதுவரை செல்லும். ஆண்டில் பலமுறை சென்னை போய்வரும் வீடுகளுக்கு லாபம். விடுமுறைக்கு ஒருமுறை போகிறவர்களுக்குத் தேவையில்லை. பாஸ்டேக் கணக்கில் இருப்பு உள்ளதா என்பதை முதல்நாளே பார்த்துவிடுங்கள். நெடுஞ்சாலையில் வண்டி பழுதானால் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

கேள்வி: நகருக்குள் காரிலேயே சுற்றலாமா? பிள்ளைகளுக்கு எவற்றைக் காட்டலாம்?
– வாசகர், கோட்டையூர்

பதில்: தங்குமிடத்தில் காரை நிறுத்திவிட்டு மெட்ரோ ரயிலில் செல்லுங்கள். வழி தெரியாத ஊரில், ஒருவழிச் சாலைகளுக்கு நடுவே, பின்னால் பிள்ளைகள் பசியில் அழ ஓட்டுவது வண்டி ஓட்டுபவரின் விடுமுறையைப் பறித்துவிடும். எழும்பூரில் இறங்கினால் 1851-இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் அருகில்தான். அங்குள்ள செப்புத் திருமேனிகளில் திருவாலங்காட்டு நடராசரைத் தவறவிடாதீர்கள்; தூக்கிய திருவடியையும் விரிந்த கைகளையும் பக்கவாட்டிலிருந்தும் பார்க்கச் சொல்லுங்கள், கோயிலில் அலங்காரத்துக்குள் மறைந்திருக்கும் உடல் வளைவு அங்கே முழுமையாகத் தெரியும். வடபழநியில், காரைக்குடியில் படப்பிடிப்புத் தளம் நடத்திவிட்டுப் பிறகு சென்னைக்கு மாறிய ஏவி.எம். நிறுவனத்தின் அருங்காட்சியகம் 2023-இல் திறக்கப்பட்டுள்ளது. பழைய கார்களும் படப்பிடிப்புக் கருவிகளும் பிள்ளைகளைக் கவரும். முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவில் தென்னாட்டு வீடுகளைப் பெயர்த்து வந்து நிறுவியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடும் ஒன்று. முகப்பு, வளவு, பட்டாலை என்று ஒவ்வொன்றையும் உங்கள் வீட்டுப் பெரியவர் பெயர் சொல்லிக் காட்டட்டும். விடுமுறை நாளைக் கவனியுங்கள்: எழும்பூர் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமையும், தட்சிணசித்ரா செவ்வாய்க்கிழமையும் திறப்பதில்லை.

கேள்வி: நாங்கள் கண்மாயில் நீந்திப் பழகியவர்கள். மெரினாவில் குளிக்கலாமா?
– கல்லூரி மாணவர், ஆத்தங்குடி

பதில்: கூடாது. இதை மிகுந்த அக்கறையோடு சொல்கிறேன். கண்மாயில் நீர் ஆளை இழுக்காது, மெரினாவில் இழுக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் கட்டப்பட்டதும், கடலோரமாக வடக்கே நகரும் மணல் அங்கே தடுக்கப்பட்டுத் தெற்கில் சேர்ந்து சேர்ந்துதான் இவ்வளவு அகலமான கடற்கரை உருவானது. அந்த மணல் கரையில் விரிந்து கிடந்தாலும் நீருக்குள் சட்டென்று சரிகிறது. முழங்கால் அளவு நீரில் நிற்பவர், அடுத்த அலை பின்வாங்கும்போது காலடி மணல் அரித்துப்போய் ஆழத்தில் நிற்பார். அங்கே குளிப்பதற்குக் காவல்துறையின் தடையும் உண்டு.

கரையில் மோதிய நீர் ஏதேனும் ஓரிடத்தில் ஒடுங்கிக் கடலுக்குத் திரும்பும் நீரோட்டம்தான் பெரும்பாலும் உயிரைப் பறிக்கிறது. இருபுறமும் அலை உடைய, நடுவில் மட்டும் அலையில்லாமல் அமைதியாகத் தெரிந்தால் அந்த இடத்தில் இறங்கவே கூடாது. நீச்சல் தெரியாதவர்கள் பாதுகாப்பானது என்று நம்பி இறங்குவது அங்கேதான். எவரேனும் அதில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது. மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்ட பிறகு கரைக்குத் திரும்ப வேண்டும். கரையில் இருப்பவர் பின்னாலேயே குதிக்காமல், கயிறோ காலிக் குடமோ மிதக்கும் எதையோ எறிந்துவிட்டு, மீனவர்களைக் கூவி அழைத்து, 112 அல்லது கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்குச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கால் நனைக்க ஆசைப்பட்டால், பெரியவர் ஒருவர் கடலுக்கு முதுகைக் காட்டாமல், பிள்ளைக்கும் அலைக்கும் நடுவே நின்று, மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளட்டும். விரல்களைப் பிடித்தால் ஈரத்தில் நழுவிவிடும்.