கடைவீதியை மாற்றும் முன் யாரைக் கேட்பது, எப்போது கேட்பது?

கேள்வி: நான் ஒரு நகராட்சியில் வார்டு கவுன்சிலர். எங்கள் ஊரின் பழைய கடைவீதியைச் சீரமைத்து, அதை ஒட்டியுள்ள தினசரி மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். போன மாதம் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. பெரிய கடைக்காரர்கள் நாலு பேர் மைக்கை விடவே இல்லை, பூக்காரப் பெண்கள் பாதியில் எழுந்து போய்விட்டார்கள், கடைசியில் பார்க்கிங் சண்டையில் முடிந்தது. இன்னொரு கூட்டம் போடலாம் என்கிறார் ஆணையர். யாரையெல்லாம் கூப்பிட வேண்டும், எப்படி நடத்த வேண்டும்?

பதில்: முதலில் அந்த இரண்டாவது கூட்டத்தைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். மேடையில் அதிகாரிகள், பின்னால் திரையில் கண்ணாடிக் கட்டடமும் பச்சைப் புல்லும் வரைந்த ஒரு படம் என்று வைத்தால், யார் வந்தாலும் இதேதான் நடக்கும். படம் போட்டு முடித்த பிறகு கருத்துக் கேட்டால், வந்தவருக்குக் கைதட்டுவது அல்லது கத்துவது என்று இரண்டே வேலைதான் மிச்சம். உங்கள் ஊரில் கத்தியிருக்கிறார்கள்.

ஆணையரிடம் நீங்கள் கேட்க வேண்டியது, டி.பி.ஆர். என்று சொல்லும் விரிவான திட்ட அறிக்கை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைத்தான். நடைபாதை எத்தனை அடி, மார்க்கெட் எத்தனை மாடி, உள்ளே எத்தனை கடை, கட்டி முடித்த பிறகு அந்தக் கடைகள் யாருக்கு, இவை இன்னும் முடிவாகவில்லை என்றால் பேச இடம் இருக்கிறது. முடிவாகிவிட்டது என்றால் அதை மறைத்துக்கொண்டு கருத்துக் கேட்கப் போகாதீர்கள். ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் நீங்கள் நிஜமாகவே மாற்றக்கூடியதைப் பற்றிப் பேசினாலும் நம்ப மாட்டார்கள்.

சரி, யாரைக் கேட்பது? வணிகர் சங்கத்தைக் கூப்பிட்டாலே கடைவீதி முழுவதையும் கூப்பிட்ட மாதிரி என்றுதான் பல நகராட்சிகள் நினைக்கின்றன. சங்கத்தில் முன்வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் சொந்தக் கட்டடக்காரர்கள். வீதி அழகானால் அவர்கள் இடத்தின் விலை ஏறும். அதே கட்டடத்தில் அப்பா காலத்திலிருந்து வாடகைக்குப் பாத்திரக்கடை வைத்திருப்பவருக்கு அதே அழகு வாடகை உயர்வாக வந்து சேரும், கட்ட முடியாவிட்டால் காலி செய்ய வேண்டியதுதான். உரிமையாளர் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது வாடகைக்காரர் இதை எப்படிச் சொல்வார்? அவரை அவர் கடையிலேயே, மதியம் கூட்டம் குறைந்த நேரத்தில் போய்ப் பாருங்கள். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரு நாள் விடியற்காலை நாலு மணிக்கு அந்த வீதிக்குப் போய் நில்லுங்கள். திட்டத்தை வரையும் ஆலோசகரையும் விடாமல் கூட்டிக்கொண்டு போங்கள். காய்கறி லாரி எங்கே நிற்கிறது, பின்பக்கக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, மூட்டை தூக்குபவர் எந்தப் படியில் காலை வைத்துத் திரும்புகிறார் என்று பாருங்கள். ஏழு மணிக்குள் இதெல்லாம் மறைந்துவிடும். பத்து மணிக்கு அளவெடுக்க வருகிறவர் கண்ணில் அது படாது, அவர் வரைந்த நடைபாதையில் மூட்டை இறக்க இடமும் இருக்காது. மறுபடி மத்தியானம் மூன்றரைக்குப் போனால் தள்ளுவண்டிகள் எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கியிருப்பதைப் பார்ப்பீர்கள். அந்தப் பக்கம்தான் நிழல். கழிப்பறை எங்கே வேண்டும் என்று தெரிய வேண்டுமானால் நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருக்கும் பூக்காரப் பெண்களைக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் இடம் ஆலோசகர் மூலையில் ஒதுக்கியிருக்கும் இடமாக அநேகமாக இருக்காது, ஏனென்றால் இருட்டிய பிறகு அந்த மூலைக்கு யார் போவார்கள்?

தெருவோர வியாபாரிகள் விஷயத்தில் நீங்கள் கருணை காட்டுவது பற்றிய பேச்சே வேண்டாம், சட்டம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து எல்லாருக்கும் வியாபாரச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தவோ வேறு இடத்துக்கு மாற்றவோ கூடாது. அதற்குப் பிறகு மாற்றுவதாக இருந்தாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அதே சட்டப்படி அமைக்க வேண்டிய நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகள் தங்களுக்குள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். குழுவின் தலைவரே உங்கள் ஆணையர்தான். ஆகவே உங்கள் ஊரில் அந்தக் குழு கடைசியாக எப்போது கூடியது, இந்தத் திட்டம் அதன் முன் வைக்கப்பட்டதா என்று கேளுங்கள். வைக்கவில்லை என்றால், நாளைக்கு யாராவது கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கும் அபாயத்தோடுதான் இந்த வேலையைத் தொடங்குகிறீர்கள். கரிசனத்துக்காகக் கேட்காத அதிகாரிகூட இதற்காகக் கேட்பார்.

பார்க்கிங் சண்டைக்கு வருவோம். “கார் நிற்க இடம் இல்லை என்றால் வியாபாரம் படுத்துவிடும்” என்று கடைக்காரர்கள் சொல்வது உங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரக் கடைவீதிகளில் 2006-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், தங்கள் வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் மதிப்பிட்டார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது அது 22 சதவீதம்தான். ஆனால் இந்த எண்ணைக் கொண்டுபோய் உங்கள் நகைக்கடைக்காரரிடம் காட்டாதீர்கள், “அது வெள்ளைக்காரன் ஊர்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார், அவர் சொல்வதும் நியாயம்தான். உங்கள் வீதியில் நீங்களே எண்ணுங்கள். ஒரு வார நாள், ஒரு ஞாயிறு, ஒரு முகூர்த்த நாளுக்கு முந்தைய நாள். பக்கத்துக் கல்லூரி மாணவர்களை நிறுத்தி, பை தூக்கிக்கொண்டு வெளியே வருகிறவர்களிடம் எதில் வந்தீர்கள், எந்த ஊரிலிருந்து, எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்ற மூன்றே கேள்வி. முக்கியமாக, எண்ணும்போது சங்கத்து ஆள் ஒருவரும் கூட நிற்கட்டும். எண் எதுவாக வந்தாலும் அது இருவருக்கும் பொதுவான எண்ணாகிவிடும். கார் அதிகம் என்று வந்தால் அதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த வேலை, செலவும் குறைவு. ஒரு ராத்திரி கடைகள் மூடியதும் புதிய நடைபாதையின் விளிம்பைச் சுண்ணாம்புப் பொடியால் வீதியிலேயே நிஜ அளவில் கோடு போட்டுவிடுங்கள். வரைபடத்தைப் பார்த்து “எட்டு அடியா பத்து அடியா” என்று யாராலும் பேச முடியாது, ஆனால் தன் கடை வாசலில் கோட்டைப் பார்த்தவர் உடனே பேசுவார். லாரி ஓட்டுநர் திருப்பிப் பார்த்து இங்கே வண்டி திரும்பாது என்பார். சாக்கடைக்கு மேல் படிக்கட்டு கட்டியிருப்பவர் தன் படி கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்துவிட்டு அமைதியாக உள்ளே போவார் (அவரிடம் தனியாகப் பேச வேண்டும்). அதற்குப் பிறகு சில நாள் தடுப்புகள் வைத்துச் சோதனை ஓட்டம் நடத்தலாம்.

நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 2009 மே மாதம் வாகனப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு மடக்கு நாற்காலிகளைப் போட்டுத்தான் ஆரம்பித்தார்கள், 2010-ல்தான் அதை நிரந்தரமாக்கினார்கள். நம்ம சென்னை பாண்டி பஜாரிலும் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறப்பதற்கு முன்னால் இப்படிச் சோதனைகள் நடந்தன. ஆனால் அதே பாண்டி பஜாரின் இன்னொரு பாதியையும் பாருங்கள். அங்கே நடைபாதையில் கடை போட்டிருந்தவர்களை 2013-லேயே ஒரு வளாகத்துக்குள் மாற்றியாகிவிட்டது. நடந்து போகிறவர் நின்று வாங்கும் சாமானை மாடியேறி வந்து வாங்குவார்களா என்பதுதான் அவர்களுடைய நெடுநாள் புகார். உங்கள் புது மார்க்கெட்டில் முதல் மாடி, இரண்டாம் மாடி என்று வரைந்திருந்தால், கீரை விற்பவரை எந்த மாடிக்கு அனுப்பப் போகிறீர்கள் என்று இப்போதே கேட்டுவிடுங்கள்.

என்னைக் கேட்டால், உங்கள் ஊரில் உண்மையான தகராறு பார்க்கிங்கில் வராது, மார்க்கெட் கடைகளில்தான் வரும். இடிக்கும்போது “எல்லாருக்கும் திரும்பக் கடை உண்டு” என்று வாயால் சொல்வார்கள். கட்டி முடித்ததும் பொது ஏலம், பெரிய டெபாசிட், பழைய ஆளுக்கு எட்டாத வாடகை. அதனால் இடிப்பதற்கு முன்பே, இப்போது யார் யார் எந்தக் கடையில் இருக்கிறார்கள், உரிமம் யார் பெயரில், உண்மையில் நடத்துபவர் யார் (இந்த இரண்டும் பல கடைகளில் வேறு வேறாக இருக்கும்) என்று பட்டியல் எடுத்து மார்க்கெட் வாசலிலேயே ஒட்டுங்கள். ஆட்சேபம் வரும், வரட்டும். திருத்திய பட்டியலையும், யாருக்கு முன்னுரிமை, வாடகை எப்படி நிர்ணயிக்கப்படும் என்பதையும் நகர்மன்றத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டியது உங்கள் வேலை. விதிகள் எதை அனுமதிக்கும் என்று தீர்மானத்துக்கு முன்பே அதிகாரிகளிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கொடுக்க முடியாததை வாக்குக் கொடுக்கக் கூடாது.

கூட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவும் முடிந்த பிறகு போடுங்கள், ஆனால் சிறிது சிறிதாக. 2022-லிருந்து தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு குழுவும், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடும் பகுதி சபையும் இருக்கின்றன, வார்டு குழுவுக்குத் தலைவரே நீங்கள்தான், ஆகவே தனியாக யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. பூக்காரர்களுக்கு மதியம், கடைக்காரர்களுக்கு இரவு ஒன்பதரைக்கு மேல், பேருந்தில் வந்து போகிற வெளியூர்க்காரர்களுக்குக் கூட்டமே வேண்டாம், பேருந்து நிலையத்தில் ஒரு மேஜை போதும். சொன்னதை எல்லாம் எழுதி, எது ஏற்கப்பட்டது, எது முடியாது, ஏன் முடியாது என்று ஒரே தாளில் போட்டு அதே வீதியில் ஒட்ட வேண்டும். முடியாது என்பதற்குக் காரணம் தெரிந்தால் மனிதர்கள் கோபப்படுவார்கள், ஆனால் ஏமாந்துவிட்டதாக நினைக்க மாட்டார்கள்.

ஒருவேளை டெண்டரே விட்டாகிவிட்டது என்றால், வடிவமைப்பைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டு வேலை நடக்கும் விதத்தைப் பேசுங்கள். வீதியின் ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் தோண்டுவது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் தோண்டாமல் இருப்பது, தற்காலிகக் கடைகளை ஊருக்கு வெளியே போடாமல் பழைய வாடிக்கையாளர் நடந்து வரும் தூரத்தில் போடுவது, வடிகாலும் குடிநீரும் மின்கேபிளும் ஒரே தடவையில் முடிவது. இதை ஒப்பந்ததாரரும் பொறியாளரும் வணிகர்களும் தெருவோர வியாபாரிகளும் உட்காரும் வாராந்திரக் கூட்டமாக வைத்துக்கொள்ளுங்கள், அரை மணி நேரம், வேலை நடக்கும் இடத்திலேயே, நின்றுகொண்டே நடத்தினாலும் சரி.