‘ஒரிஜினல் நீலம்’ என்று பற்றுச்சீட்டில் எழுதினால் போதுமா?

கேள்வி: மகனின் கல்யாண மோதிரத்துக்கு நீலக்கல் பார்க்கிறோம். வவுனியாவில் ஒரு கடையில் ‘ஒரிஜினல் நீலம், 3 கரட்’ என்றார்கள். இன்னொரு கடையில் ‘நச்சுரல், ஹீட்டட், 2.4 கரட்’ என்றார்கள். விலையோ பல மடங்கு. சூடாக்கிய கல்லுக்கு ஏன் இவ்வளவு விலை? – வாசகி, கிளிநொச்சி

பதில்: இரண்டாவது கடைக்காரர்தான் உங்களுக்கு உருப்படியான தகவல் தந்திருக்கிறார். ‘ஒரிஜினல்’ என்பதற்கு இரத்தின வியாபாரத்தில் வரையறை எதுவும் இல்லை. உலையில் செய்த கல்லையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள், நீலக் கண்ணாடியையும் விற்கிறார்கள்.

‘நச்சுரல்’ என்றால் மண்ணில் விளைந்தது. ‘சிந்தெட்டிக்’ ஆய்வுகூடத்தில் வளர்த்தது. ஆனால் அதுவும் அதே குருந்தம் என்ற கனிமம்தான், அதே அலுமினியம் ஒட்சைட்டு. கடினமும் ஒன்றே, மோஸ் அளவில் 9. ஆகையால் கீறிப் பார்த்துப் பிரித்தறிய முடியாது. பாலில் போட்டுப் பார்ப்பதும் வீண். 10 மடங்கு லென்ஸில் நிறக்கோடுகள் வளைந்திருந்தால் அது தீச்சுடரில் உருக்கி வளர்த்த கல். இயற்கைக் கல்லில் அவை நேராகவோ கோணமாகவோ இருக்கும். இந்த முறையில் செய்த சிவப்புக்கல்லை (அதுவும் குருந்தமே) பிரான்சில் வேர்னுயில் என்ற இரசாயனவியலாளர் 1902இலேயே அறிவித்துவிட்டார். அம்மம்மாவின் அட்டியலில் இருந்த கல் என்பதற்காக இயற்கை என்று முடிவுகட்ட வேண்டாம். ‘இமிட்டேஷன்’ இன்னும் கீழே: கண்ணாடி போன்ற வேறு பொருள், தோற்றம் மட்டும் நீலம்.

இனி ‘ஹீட்டட்’. சந்தைக்கு வரும் நீலக்கற்களில் பெரும்பாலானவை சூடாக்கியவையே. இலங்கையில் கெவுடா என்ற பால்மங்கலான குருந்தக் கற்கள் முன்பு மதிப்பில்லாமல் கிடந்தன. 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை வாங்கிப்போய், 1,500 பாகை செல்சியசுக்கும் மேலே சூடாக்கி நீலமாக்கினார்கள். கல்லுக்குள் மங்கலைத் தரும் ஊசிபோன்ற நுண்ணிய படிகங்கள் அந்த வெப்பத்தில் கரைந்து, அவற்றிலிருந்த டைட்டேனியம் இரும்போடு சேர்ந்து நீலம் தருகிறது. அந்த நிறம் நிலையானது, மங்காது. சொல்லி விற்றால் இதில் குறை இல்லை. சூடாக்காத நல்ல கல்லுக்கு விலை கணிசமாகக் கூடும். அதனால் ‘அன்ஹீட்டட்’ என்ற வாய்ச்சொல்லுக்கு மட்டும் காசு கொடுக்க வேண்டாம், ஆய்வறிக்கை கேளுங்கள்.

உண்மையில் பயப்பட வேண்டியவை வேறு இரண்டு. ‘டிஃபியூஷன்’ என்றால் வெளியிலிருந்து மூலகம் சேர்த்து நிறமேற்றியது. டைட்டேனியம் சேர்த்த நீலத்தில் நிறம் மேற்தோலோடு நின்றுவிடும், திரும்பப் பட்டை தீட்டினால் போய்விடும். ‘ஃபில்ட்’ என்றால் வெடிப்புகளில் ஈயக் கண்ணாடி நிரப்பியது. சிவப்புக்கல்லில்தான் இது அதிகம், நீலத்திலும் உண்டு. தேசிக்காய்ப் புளிகூட அந்தக் கண்ணாடியை அரிக்கும். பத்தர் கல்லைக் கழற்றாமல் பற்றவைத்தால் கல் பாழ்.

கரட்டைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். கல்லில் அது நிறை: 1 கரட் 0.2 கிராம், 3 கரட் 0.6 கிராம். தங்கத்தில் அது தரம்: 22 கரட் என்றால் 24 பங்கில் 22 தங்கம். ‘ரோயல் புளூ’, ‘கோர்ன்ஃபிளவர்’ வெறும் நிறப்பெயர்கள். அவை இயற்கைக் கல் என்பதற்கோ, சூடாக்காதது என்பதற்கோ உத்தரவாதம் அல்ல.

கல்லை மோதிரத்தில் பதிக்கும் முன்பே நிறுங்கள்; பதித்தபின் சரியான நிறை எடுக்க முடியாது. விலை பெரிதென்றால், வாங்குமுன் கொழும்பில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையின் ஆய்வுகூடத்திலோ வேறொரு நம்பகமான ஆய்வுகூடத்திலோ பரிசோதிக்கக் கேளுங்கள். அறிக்கையிலுள்ள நிறையும் மில்லிமீற்றர் அளவுகளும் கையிலுள்ள கல்லோடு பொருந்த வேண்டும். வேறு கல்லின் அறிக்கையைக் காட்டி விற்பதும் நடக்கிறது. பற்றுச்சீட்டில் ‘இயற்கை நீலம், சூடாக்கியது, வேறு பதப்படுத்தல் இல்லை, 2.4 கரட்’ என்று எழுதி வாங்குங்கள். முதற்கடையிலும் அவர்களின் கல்லுக்கு இதேபோல் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் அந்தக் கல்லை விட்டுவிடலாம்.